இரண்டு கண்களுக்கு ஒரு சுவரொட்டி: மிகை மெய்ம்மைக்கான அடையாளப் படத்தை வடிவமைத்தல்

மிகை மெய்ம்மை என்பது, கைப்பேசியின் கேமரா காட்டும் நேரடிக் காட்சியின்மீது கணினி வரைந்த உருவத்தையோ அசைபடத்தையோ எழுத்தையோ, அது அந்த இடத்திலேயே ஊன்றி நிற்பதுபோல் பொருத்திக் காட்டும் நுட்பமாகும். எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக, எந்தச் சாய்வில் உருவத்தை நிறுத்துவது என்பதை மென்பொருள் தானாக அறிய முடியாது. கண்ணெதிரே உள்ள ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டே அது கணக்கிட்டாக வேண்டும். அவ்வாறு பற்றுக்கோடாக அமையும் அச்சுப்படத்தை அடையாளப் படம் என்றும், தொழில் வட்டாரத்தில் மார்க்கர் என்றும் கூறுவர். சுவரொட்டி ஒன்று மார்க்கராகவும் பணியாற்றும்போது, தெருவில் நடந்து செல்பவரின் கண், அவர் கையிலுள்ள கேமராவின் கண் என இரண்டு கண்களுக்கு அது ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதற்கண்ணைக் கவரும் கலையில் நம் வடிவமைப்பாளர்களுக்குப் பயிற்சி தேவையில்லை. இரண்டாவது கண்ணின் இயல்பு தெரியாமல் அவர்கள் உழைப்பு வீணாவதே பெரும்பாலும் நிகழ்கிறது. ஆகவே இந்த அத்தியாயம் கேமராவின் பக்கமே மிகுதியும் நின்று பேசுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தில்லி நகரத்தைச் சேர்ந்தவை.

கருப்புச் சதுரத்திலிருந்து காமிக்ஸ் பக்கத்துக்கு

தொடக்கக் கால மார்க்கர்களைப் படங்கள் என்றே சொல்ல முடியாது. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோகாசு காட்டோ 1999இல் உருவாக்கிய ஏஆர்டூல்கிட் என்னும் மென்பொருள் தொகுப்பு, தடித்த கருப்புச் சட்டமிட்ட சதுரம் ஒன்றையே கேமராக் காட்சியில் தேடியது. சதுரத்தின் நான்கு மூலைகளும் திரையில் எங்கெங்கு விழுகின்றன என்பதைக் கொண்டு கேமரா நிற்கும் இடத்தையும், சட்டத்துக்குள் இருக்கும் குறியைக் கொண்டு அது எந்த மார்க்கர் என்பதையும் அது கண்டறிந்தது. கணக்குக்கு எளிதான அந்தச் சதுரத்தில் மனிதக் கண்ணுக்கு எதுவும் இல்லை. கைப்பேசிகளின் கணக்கிடும் திறன் பெருகிய பின்னரே, ஓவியம், ஒளிப்படம், நூல் அட்டை என எதையும் மார்க்கராகக் கொள்ளும் முறை பரவியது.

தில்லியில் வேர்கொண்ட ஒரு முயற்சி இந்த மாற்றத்தின் பயனை நன்கு காட்டுகிறது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்ததை அடுத்து மூண்ட போராட்டங்களை நேரில் கண்ட திரைப்பட இயக்குநர் ராம் தேவினேனி, ஓவியர் டான் கோல்ட்மன் முதலியோருடன் சேர்ந்து, ‘பிரியாஸ் சக்தி’ என்னும் காமிக்ஸ் நூலை 2014 டிசம்பரில் வெளியிட்டார். வன்கொடுமைக்கு உள்ளான பிரியா என்ற கிராமத்துப் பெண், பார்வதியின் அருளோடு புலிமேல் ஏறி வந்து ஊராரின் மனத்தை மாற்ற முனைவதே கதை. அந்நூலின் பக்கங்களை பிளிப்பார் என்னும் செயலி வழியே நோக்கியவர்களுக்கு அசைபடங்களும், உண்மையில் வன்கொடுமையிலிருந்து மீண்ட பெண்களின் வாக்குமூலங்களும் பக்கத்தின்மேல் தோன்றின. இதே முறையில் சுவரோவியங்களும் தீட்டப்பட்டன. கைப்பேசியை எடுக்காதவருக்கும் அந்தப் பக்கம் ஒரு முழுமையான காமிக்ஸ் பக்கமாகவே இருந்தது என்பதுதான் வடிவமைப்பாளர் இதில் கவனிக்க வேண்டியது. கோட்டுச்சித்திரமும் கட்டங்களும் பேச்சுக் குமிழ்களும் நிறைந்த காமிக்ஸ் பக்கம், பின்னர் விளக்கப்படும் காரணங்களால், இயல்பாகவே நல்ல மார்க்கராக அமைந்துவிடுகிறது.

அதே முயற்சி வேறொன்றையும் உணர்த்துகிறது. பிளிப்பார் நிறுவனம் 2018 டிசம்பரில் நிதி நெருக்கடியால் நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. பிரியா வரிசையின் பிந்தைய இதழ்கள் ஆர்ட்டிவைவ் என்ற வேறு செயலியைப் பயன்படுத்தின. மெட்டா நிறுவனத்தின் ஸ்பார்க் ஏஆர் தளமும் 2025 ஜனவரி 14 அன்று மூடப்பட்டது. காகிதத்தின் ஆயுள் செயலியின் ஆயுளைவிட நீளமானது என்பதால், ஒரு நிறுவனத்தின் செயலிப் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாக அச்சிடுவது நல்லதன்று. திட்டத்தை நடத்துவோரே வைத்திருக்கும் ஓர் இணைய முகவரியை அச்சிட்டு, அது இன்று எந்தச் செயலிக்கோ பக்கத்துக்கோ அழைத்துச் செல்ல வேண்டும் என்பதைப் பின்னால் மாற்றிக்கொள்ளும்படி அமைப்பதே தக்கது.

கேமரா எதைப் பார்க்கிறது

கேமராவின் வழியே வரும் படத்தை மென்பொருள் முதலில் வண்ணம் நீக்கிச் சாம்பல் நிறப் படமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு அதில், ஒளி சட்டென்று மாறுகின்ற, அதுவும் ஒரே திசையில் அல்லாமல் இரண்டு திசைகளில் மாறுகின்ற இடங்களைத் தேடுகிறது. வெறும் சுவரில் எந்த மாற்றமும் இல்லை. நேர்க்கோட்டில் மாற்றம் உண்டு என்றாலும், கோட்டின் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டு கோடுகள் சந்திக்கும் முனை மட்டுமே இன்ன இடம் என்று திட்டமாகச் சுட்டக்கூடியது. இத்தகைய முனைகளை இந்நூல் பிடிப்புப் புள்ளிகள் என்று குறிக்கும். ஒவ்வொரு பிடிப்புப் புள்ளியையும் சுற்றியுள்ள சிறு பகுதியின் ஒளியமைப்பை ஓர் எண்வரிசையாகச் சுருக்கி, முன்பே சேமித்து வைத்த மூலப்படத்தின் எண்வரிசைகளோடு மென்பொருள் ஒப்பிடுகிறது. ஒரு தளத்தின் சாய்வைக் கணக்கிட நான்கு பொருத்தங்கள் கணித அளவில் போதும்; ஆனால் பொருத்தங்களுள் பல தவறானவையாகவே இருக்கும் என்பதால், பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவற்றைத் தள்ளிவிட்டு மிஞ்சுவதைக் கொண்டு கணக்கிடும் முறை கையாளப்படுகிறது. பிடிப்புப் புள்ளிகள் ஏராளமாக இருந்தால்தான் தள்ளியது போகவும் மிஞ்சும்.

வண்ணம் நீக்கப்படுகிறது என்ற ஒரு செய்தியே பல வடிவமைப்புகளைக் கவிழ்த்துவிடப் போதுமானது. சாம்பல் நிறமாக மாற்றும் பொது வாய்பாடு, சிவப்பின் அளவை 0.299ஆலும் பச்சையின் அளவை 0.587ஆலும் நீலத்தின் அளவை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டுகிறது. முழுச் சிவப்பின் மதிப்பு 255 என்றால், அது 76 என்னும் சாம்பல் அளவாக மாறும். பச்சை மட்டும் 130 அளவில் உள்ள கரும்பச்சையும் அதே 76 ஆகிறது. கரும்பச்சைப் பின்னணியில் செக்கச்சிவந்த எழுத்து மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்போது, கேமராவுக்கு அங்கே எழுத்தே இல்லை. செம்மணற்கல் கட்டடங்களையும் புல்வெளிகளையும் கொண்ட தில்லிச் சுவரொட்டிகளில் இந்த இடர் அடிக்கடி நேர்வது. வேலையைத் தொடங்கிய அன்றே படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

சுவரே முதலில்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்னும் பழமொழியை உடல்நலத்துக்கு உவமையாகச் சொல்வது வழக்கம். மார்க்கர் வடிவமைப்பில் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுவர், பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்பார், அங்கே எந்த வேளையில் எந்தத் திசையிலிருந்து ஒளி விழும் என்பனவெல்லாம் முடிவான பின்னரே படத்தின் அளவையும் நுணுக்கத்தையும் தீர்மானிக்க இயலும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகவே நிகழ்கிறது: படம் முதலில் ஒப்புதல் பெறுகிறது, இடம் கடைசி வாரத்தில் தேடப்படுகிறது.

அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பார்ப்பவர் நிற்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்காவது மார்க்கரின் அகலம் இருக்க வேண்டும். ஏ3 தாளின் குறும்பக்கம் 29.7 சென்டிமீட்டர் ஆதலால் அது ஏறக்குறைய 3 மீட்டர் வரையிலும், 59.4 சென்டிமீட்டர் கொண்ட ஏ1 தாள் ஏறக்குறைய 6 மீட்டர் வரையிலும் பயன்படும். இது மேல்வரம்பே அன்றி வசதியான தொலைவு அன்று. கூகுளின் ஏஆர்கோர் மென்பொருள், முதன்முறை அடையாளம் காணும் தருணத்தில் படம் கேமராக் காட்சியில் கால்பங்கையேனும் நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறது; எனவே வடிவமைப்பாளர் தம் கணக்கில் மேற்சொன்ன தொலைவில் பாதியைக் கொள்வது பாதுகாப்பானது. சுவருக்கு முன்னால் சாக்கடையோ வாகன நிறுத்தமோ இருந்தால் அந்தப் பாதித் தொலைவுக்கு யாரும் வர முடியாது என்பதையும் நேரில் போய்ப் பார்த்தே அறிய முடியும்.

ஒளியைப் பொறுத்தவரை தில்லிக்கு ஒரு நற்பேறு உண்டு. சென்னையில் கோடைக்காலத்தில் சூரியன் உச்சிக்கு வடக்கே கடந்து செல்வதால், வடக்கு நோக்கிய சுவரிலும் நண்பகல் வெயில் விழும். தில்லியோ 28.6 பாகை வடக்கில், கடகரேகைக்கும் மேலே இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டின் எந்த நாளிலும் தெற்கேதான் நிற்கும். ஆகவே வடக்கு நோக்கிய சுவர் நண்பகலில் எப்போதும் நிழலில் இருக்கும். கோடையில் காலையிலும் மாலையிலும் மட்டும் சாய்வெயில் அதைத் தொடும். நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே அளவான, கூசாத ஒளியைத் தரும் இத்தகைய சுவர் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. தெற்கு நோக்கிய சுவரின் நிலை பருவத்துக்குப் பருவம் மாறும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 38 பாகை உயரத்திலேயே நிற்பதால், ஒளி சுவரில் அறைந்து, வழவழப்பான தாளாக இருந்தால் பார்ப்பவர் முகத்தில் திரும்ப அடிக்கும். ஜூன் நண்பகலில் அந்த உயரம் ஏறத்தாழ 85 பாகையாகிவிடுவதால், வெயில் சுவரை உரசிக்கொண்டு செங்குத்தாக இறங்கி, ஒட்டும்போது தாளில் விழுந்த ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நீண்ட நிழல் கொடுக்கும். மூலப்படத்தில் இல்லாத கோடுகளை கேமரா அப்போது காணும்.

மரநிழல் இதைவிடத் தொல்லையானது. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2015 முதல் சுவரோவியங்களைத் தீட்டச் செய்து, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களோடு திறந்தவெளிக் கலைக்கூடமாக விளங்கும் லோதி காலனியில், கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில் நடப்பவர்கள் இதைக் கண்கூடாகக் காணலாம். இலைகளினூடே விழும் ஒளிப்புள்ளிகள் ஓவியத்தின்மேல் நாள் முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கேமராவுக்கு அவையும் பிடிப்புப் புள்ளிகளாகவே தோன்றும். முன்பே உள்ள சுவரோவியம் ஒன்றை மார்க்கராகக் கொள்வோர், ஓவியர் கொடுத்த வரைவை அல்லாமல், தீட்டி முடித்த சுவரை மேகமூட்டமான நாளில் நேர் எதிரே நின்று எடுத்த ஒளிப்படத்தையே மூலப்படமாகக் கொள்ள வேண்டும். ஐடிஓ சந்திப்பில் பழைய காவல்துறைத் தலைமையகக் கட்டடத்தில் 2014இல் ஹென்ட்ரிக் பைகிர்க்கும் அன்பு வர்க்கியும் தீட்டிய, ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள காந்தி ஓவியம் போன்ற பேருருவங்களை முழுமையாக மார்க்கராக்குவது வீண்முயற்சி. எவ்வளவு தள்ளி நின்றாலும் இடையே பேருந்தும் மரமும் வந்துவிடும். அத்தகைய இடங்களில், நடைபாதையில் நிற்கும் விளக்கப் பலகையை மார்க்கராக்கி, அதிலிருந்து ஓவியத்தைச் சுட்டுவதே நடக்கக்கூடியது.

படத்தைத் தேர்தல்

தில்லியைப் பற்றிய சுவரொட்டி என்றதும் வடிவமைப்பாளரின் கை குதுப்மினாரை நோக்கித்தான் நீளும். 72.5 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தைத் தெளிந்த வானத்தின் பின்னணியில் காட்டும் ஒளிப்படம் அழகானதே. மார்க்கராகவோ அது மிக நலிந்தது. பிடிப்புப் புள்ளிகள் அனைத்தும் நடுவில் உள்ள குறுகிய பட்டையில் குவிந்திருக்க, இருபுறமும் வானம் வெறுமையாகக் கிடக்கும். பார்ப்பவர் கைப்பேசியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பியதும் அந்தப் பட்டை காட்சியை விட்டு நழுவி, மேலே எழுந்த உருவமும் மறைந்துபோகும். பிடிப்புப் புள்ளிகள் தாள் முழுதும், நான்கு மூலைகள் உட்பட, பரவியிருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் விதி. அதே கோபுரத்தின் அரபு எழுத்துப் பட்டைகளையும் உப்பரிகைகளைத் தாங்கும் தேன்கூட்டுச் செதுக்கலையும் நெருங்கிச் சென்று காட்டும் படமோ தாளை விளிம்புவரை நிரப்பிவிடும்.

ஆனால் நுணுக்கம் இருந்தால் மட்டும் போதாது. அது மீண்டும் மீண்டும் வராததாகவும் இருக்க வேண்டும். ஹுமாயூன் கல்லறையின் ஜாலி, அதாவது கல்லில் குடைந்த பின்னல் சாளரம், இதற்குச் சிறந்த எதிர்ச்சான்று. அதில் கூர்முனைகளுக்குக் குறைவில்லை. சோதனைக் கருவிகள் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் குறித்துக் காட்டும். எனினும் ஒரு விண்மீன் வடிவத்துக்கும் அதற்கு அடுத்த விண்மீனுக்கும் எந்த வேறுபாடும் இல்லாமையால், கேமரா எந்த விண்மீனைப் பார்க்கிறது என்று மென்பொருளால் சொல்ல முடியாது. எழும் உருவம் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். முகலாயக் கட்டடக்கலையைப் பற்றிய சுவரொட்டிகளில் ஜாலியைப் பின்னணியாகவோ விளிம்பாகவோ இடும் பழக்கம் வேரூன்றிவிட்டதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஜாலி வேண்டுமானால் தாளில் ஒரு மூலையில், அதுவும் உடைந்த நிலையிலோ மேலே வேறு படம் படர்ந்த நிலையிலோ இருக்கட்டும்.

தமிழர் அமைக்கும் சுவரொட்டிகளில் ஜாலியின் இடத்தைக் கோலம் பிடித்துக்கொள்கிறது. அதன் சிக்கல் வேறு வகையானது. நாற்புறமும் ஒத்த புள்ளிக் கோலத்தைக் கால்வட்டம் சுழற்றினாலும் அதே கோலம்தான். எனவே எது மேல்பக்கம், எது வலப்பக்கம் என்பதை முடிவுசெய்ய மென்பொருளுக்கு வழியில்லை. பொம்மை ஒன்று தோன்ற வேண்டிய இடத்தில் அது ஒருமுறை நிமிர்ந்தும் மறுமுறை படுத்தும் தோன்றும். கோலத்தின் சமச்சீரே அதன் அழகு என்பதால் கோலத்தைச் சிதைக்கச் சொல்வது முறையாகாது. கோலம் இட்ட கையையும் மாவுக் கிண்ணத்தையும் வாசற்படியின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்த ஒளிப்படம் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். இந்தியா கேட் போல இடமும் வலமும் ஒத்த கட்டடங்கள் இவ்வளவு தீங்கு செய்வதில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய முனையை மென்பொருள் பெரும்பாலும் வேறொரு முனையாகவே எண்ணிக்கொள்கிறது.

தில்லி ஹாட் சந்தைக்குச் செல்பவர்கள் காணும் மதுபனி ஓவியங்கள் இந்த நோக்கத்துக்கென்றே பிறந்தவைபோல் அமைந்திருக்கின்றன. கருங்கோடுகளால் வரையப்பட்டு, வெற்றிடமே விடாமல் மீனும் இலையும் பூவுமாக நிரப்பப்பட்டு, கையால் வரைந்ததாலேயே ஒரு மீனைப் போல் மறு மீன் இல்லாமல் இருக்கும் அவை, சாம்பல் நிறத்திலும் தம் வலிமையை இழப்பதில்லை. அண்மைக் காலத்தில் விளம்பரத்துறையில் விரும்பப்படும் மென்னிறக் கரைவும் பெருத்த வெற்றிடமும் கொண்ட பாணி இதற்கு நேர் எதிரானது. அந்தப் பாணியை விட மனமில்லாதவர்கள் மார்க்கர் வேலையை ஏற்காமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

எழுத்து, சட்டகம், க்யூஆர் குறி

தில்லியின் தெருப் பெயர்ப்பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகள் இடம்பெறுவது வழக்கம். அங்குள்ள தமிழ் அமைப்பு ஒன்றின் சுவரொட்டியிலும் இரண்டு மூன்று எழுத்துமுறைகள் கலந்து வரும். மனிதருக்கு எழுத்தாகத் தெரிவது கேமராவுக்குக் கோடும் வளைவும்தான். தேவநாகரியின் தலைக்கோடு நீண்ட கிடைக்கோடாகி, தானாகப் பிடிப்பு எதையும் தருவதில்லை. அதிலிருந்து தொங்கும் தண்டுகள் சேரும் இடங்களே உதவுகின்றன. தமிழ் எழுத்துகளின் சுழிகள் பெரிய அளவில் அச்சாகும்போது மழுமழுவென்ற வளைவுகளாகிவிடுவதால், சுவரொட்டியின் பாதியை அடைக்கும் தலைப்பெழுத்து கேமராவுக்குப் பெரும்பாலும் வெறுமையே. சிறிய எழுத்தாலான பத்தியோ, தொலைவிலிருந்து பார்க்கையில் ஒன்றுபோல் தெரியும் சாம்பல் பட்டையாகக் கலங்கிவிடும். ஆகவே மார்க்கரின் சுமையைப் படமே தாங்க வேண்டும். எழுத்தின்மேல் அதை ஏற்றக் கூடாது. தேதி, இடம் போன்ற செய்திகள் பின்னால் மாறக்கூடுமாதலால், மூலப்படமாகச் சேமிக்கும் பகுதிக்கு வெளியே தனிப் பட்டையில் அவற்றை இடுவது பின்னர் பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.

ஒரே சட்டகத்தில் பல சுவரொட்டிகள் செய்யும்போது வேறொரு குழப்பம் நேர்கிறது. எடுத்துக்காட்டாக, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுக்கும் தனித்தனிச் சுவரொட்டி எனத் திட்டமிட்டு, மேலே ஒரே முத்திரை, கீழே ஒரே அலங்காரப் பட்டை, நடுவில் மட்டும் வெவ்வேறு பள்ளியின் படம் என்று அமைத்தால், பொதுப் பகுதியின் பிடிப்புப் புள்ளிகள் ஏழிலும் பொருந்தி, லோதி எஸ்டேட் பள்ளியின் சுவரொட்டிக்கு வேறொரு பள்ளியின் காட்சி எழக்கூடும். ஏஆர்கோர் ஒரு தொகுப்பில் 1,000 மூலப்படங்கள் வரை ஏற்கும் என்பதால் எண்ணிக்கை ஒரு தடையே அன்று, ஒற்றுமைதான் தடை. பொதுப் பகுதியை மெல்லிய ஒற்றை நிறத்தில் விட்டு, வேறுபடும் பகுதியைப் பெரிதாக்கினால் குழப்பம் தீரும்.

க்யூஆர் குறியை மார்க்கராகவே கொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. அதன் சிறு சதுரங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதாலும், ஒரு குறிக்கும் மற்றொரு குறிக்கும் மூலைச் சதுரங்கள் மாறாமையாலும் அது படமார்க்கராக நன்கு செயல்படுவதில்லை. ஆனால் காட்சிப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் கதவாக அதற்கு இணை இல்லை. யுபிஐ பணப்பரிமாற்றம் பரவிய பின், காய்கறி வண்டி முதல் மெட்ரோ நுழைவாயில் வரை எங்கும் அதைக் கண்டு பழகிய தில்லிவாசிக்கு விளக்கமும் தேவையில்லை. குறியைச் சுற்றி அதன் சிறு சதுரங்களில் நான்கின் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விட்டு, படத்துக்கு வெளியே கீழ்மூலையில் வைப்பது போதும். முதலில் குறியை ஸ்கேன் செய்க, பிறகு முழுப் படத்தையும் கேமராவில் காட்டுக என்ற இரண்டு வரிக் குறிப்பு அதன் அருகிலேயே இருக்க வேண்டும். இது எழுதப்படாத சுவரொட்டிகளில், குறியை ஸ்கேன் செய்தவர்கள் பக்கம் திறந்ததும் வேலை முடிந்ததென்று நகர்ந்துவிடுகின்றனர்.

அச்சகத்தில்

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புகையில் மூன்று செய்திகளை எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். மேட் லேமினேஷன் மட்டுமே வேண்டும், பளபளப்பான கிளாஸ் வேண்டாம் என்பது முதலாவது. கிளாஸ் பூச்சில் விளக்கின் பிம்பம் விழும் இடத்தில் படம் முற்றிலும் அழிந்துவிடுகிறது. அளவை ஒரு மில்லிமீட்டரும் குறைக்கக் கூடாது என்பது இரண்டாவது. தாளுக்குள் அடங்க வேண்டுமென்று அச்சகத்தார் படத்தைச் சிறிது சுருக்குவது நாள்தோறும் நடப்பதே. 297 மில்லிமீட்டர் என்று மென்பொருளில் பதிவுசெய்த படம் 285 மில்லிமீட்டராக அச்சாகி வந்தால், அதற்கும் கேமராவுக்கும் இடைப்பட்ட தொலைவை மென்பொருள் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதலாகவே கணிக்கும். மூன்றாவது, படம் சமதளத்தில் இருக்க வேண்டும் என்பது. தொங்கவிட்ட ஃபிளெக்ஸ் காற்றில் உப்பிக்கொண்டு தளமாகவே நிற்காது. சன்போர்டில் ஒட்டி வாங்குவது செலவு கூடினாலும் பொருத்தமானது. கன்னாட் பிளேஸின் வெண்தூண்கள் போன்ற உருளைப் பரப்பைச் சுற்றிய படத்தை, தட்டையான படத்துக்கென எழுதப்பட்ட கணக்கு ஏற்காது. சில மென்பொருள்களில் உருளைக்கெனத் தனி வகை உண்டு. அதற்கு விட்டத்தையும் அளந்து கொடுக்க வேண்டும்.

மாதிரியை அமைக்கும் தொழில்நுட்பருக்கு ஒரு குறிப்பு: பல மென்பொருள்கள் மார்க்கரை மேசைமேல் கிடக்கும் தாளாகவே கருதுகின்றன. சுவரில் ஒட்டினால், நிமிர்ந்து நிற்க வேண்டிய உருவம் சுவரிலிருந்து பார்ப்பவரை நோக்கிக் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். உருவத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி வைக்கும் இந்த எளிய வேலை, திறப்புவிழா நாளன்றே நினைவுக்கு வருவது வழக்கமாகிவிட்டது.

சோதனை

வுஃபோரியா தளம் ஒரு படத்தைப் பதிவேற்றியதும் ஐந்து விண்மீனுக்கு எத்தனை என மதிப்பிட்டு, பிடிப்புப் புள்ளிகளைப் படத்தின்மேல் குறித்தும் காட்டுகிறது. ஏஆர்கோருடன் வரும் கருவி நூற்றுக்கு இவ்வளவு என மதிப்பெண் தருகிறது, 75க்குக் குறைந்ததை ஏற்க வேண்டாம் என்கிறது. செயலி இல்லாமல் உலாவியிலேயே இயங்கும் மைண்ட்ஏஆர் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் படத்தைத் தொகுக்கும்போது புள்ளிகளைக் காட்டுகின்றன. இந்த மதிப்பெண்கள் கோப்புக்கு உரியவை, சுவருக்கு உரியவை அல்ல என்பதை மறந்துவிடுவதே பொதுவான பிழை. இறுதி அச்சுக்கு முன் ஒரே ஒரு படியை மட்டும் அதே தாளில், அதே அளவில் அச்சிட்டு, அதே சுவரில் தற்காலிகமாகப் பொருத்தி, காலை, நண்பகல், விளக்கேற்றிய பின் என மூன்று வேளைகளில் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த கைப்பேசியில் எதுவும் நன்றாகவே தெரியும். பல ஆண்டு பயன்படுத்தி, லென்ஸில் கீறல் விழுந்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வேலை செய்கிறதா என்பதே கேள்வி. டிசம்பர், ஜனவரி மாதங்களின் தில்லிப் பனிமூட்டமும் புகையும் கருப்பையும் வெள்ளையையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்துவிடுவதால், அக்டோபரில் தேறிய சுவரொட்டி அப்போது தேறாமல் போகலாம். திறந்தவெளியில் குளிர்காலத்துக்கென அமைப்பவை பெரிய அளவிலும் அழுத்தமான கோடுகளோடும் இருக்கட்டும்.

அனுமதியும் அகற்றலும்

தில்லி சொத்து உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம், 2007, பொதுமக்கள் பார்வையில் படும் சொத்துகளை எழுத்தாலோ வண்ணத்தாலோ ஒட்டுதாளாலோ கெடுப்பவர்களுக்கு ஓராண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் எதையும் ஒட்டுவதற்கு இடமே இல்லை. எனவே பள்ளி, சங்கம், கண்காட்சி அரங்கு போன்ற தம் வளாகச் சுவர்களில், உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலோடு, கழற்றும் நாளையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு அமைப்பதே முறை. ஒட்டிய அமைப்பே கழற்ற வேண்டும். கழற்றிய பின் அந்தச் சுவரின் ஒளிப்படம் ஒன்றை உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் வேட்பாளர்களின் சுவரொட்டிகளும் பதாகைகளும் நகரை அலங்கோலப்படுத்திய வழக்கில், அவை அகற்றப்படும்வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2024 செப்டம்பர் 27 அன்று பதிவான வாக்குகள் நவம்பர் 25 அன்றுதான் எண்ணப்பட்டன.